புழக்கடைத் தக்காளியின் கதை



நம் கூட்டமைப்பு மலருக்குக் குழுவுக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, எங்கள் குழுவில் எல்லாரும் என்னைத்தான் காட்டினார்கள். "இத்தனை வருஷம் தீர்மானப் புத்தகம் எழுதினவ நீ, இதையும் நீயே எழுது" என்றார்கள். எதைப் பற்றி எழுதுவது என்று கேட்டேன். எங்களில் மூத்த அக்கா சொன்னார்: "கடன் வாங்கினோம், கட்டினோம்னு எல்லாக் குழுவும் எழுதும். நீ தக்காளியைப் பத்தி எழுது. நீ கெட்டதும் அதாலதான், நிமிர்ந்ததும் அதாலதான்."

அவர் சொன்னது சரிதான். நான் பாலக்கோட்டுப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் தக்காளி என்றால் மண்டி, லாரி, அன்றைய விலை, இந்த மூன்றும்தான் பேச்சு. ஆனால் மண்டிக்கு முன்னாலேயே தக்காளி எங்கள் வீட்டுப் புழக்கடையில் இருந்தது. அதை வளர்த்தது பெண்கள். அந்தக் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

சீமையிலிருந்து வந்த பழம்

தக்காளி இல்லாமல் இன்று நமக்கு ரசம் இல்லை, குழம்பு இல்லை, சட்னி இல்லை. ஆனால் இது நம் மண்ணில் பிறந்த பழம் இல்லை. இதன் காட்டுச் செடிகள் தென் அமெரிக்காவில் பெரு, ஈக்வடார் நாட்டு மலைப் பக்கங்களில் முளைத்தவை. அதைத் தோட்டப் பயிராக வளர்த்துப் பெருக்கியவர்கள் மெக்சிகோ நாட்டுப் பழங்குடி மக்கள். அவர்கள் மொழியில் 'தொமாட்டில்' என்று சொன்னதுதான் பிறகு 'டொமேட்டோ' ஆனது. ஸ்பெயின் நாட்டார் 1500களில் அந்த நாட்டைப் பிடித்த பிறகு விதை ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே ரொம்ப நாள் பல பேர் இதை வாயில் வைக்கப் பயந்தார்கள். ஊமத்தை மாதிரி விஷச் செடிகளும் இதே குடும்பம் என்பதால் அந்தப் பயம். இத்தாலிக்காரர்கள் இதற்கு வைத்த பேருக்குத் 'தங்க ஆப்பிள்' என்று அர்த்தம்.

நம் நாட்டுக்குக் கப்பலில் வந்த போர்ச்சுக்கீசியர்கள் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். மிளகாயும் அப்படி வந்ததுதான். ஆனால் மிளகாய் சீக்கிரம் நம் அடுப்படிக்குள் நுழைந்துவிட்டது, தக்காளி நுழைய நாள் பிடித்தது. ஜார்ஜ் வாட் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1889 முதல் வெளியிட்ட இந்திய விளைபொருள் அகராதியில், தக்காளியைப் பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிர் செய்கிறார்கள், இந்நாட்டு மக்கள் இப்போதுதான் அதை விரும்பத் தொடங்கியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அதாவது நம் பாட்டிக்குப் பாட்டி காலத்தில் தக்காளி துரை வீட்டுக் காய்.

பெயரைப் பார்த்தாலே இது தெரியும். தக்காளி என்ற பெயர் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. கருப்பாகச் சின்னதாகப் பழுக்கும் மணத்தக்காளி நம் கீரை. புதிதாக வந்த சிவப்புப் பழத்தை அதிலிருந்து பிரித்துச் சொல்லச் 'சீமைத் தக்காளி' என்றார்கள். பிறகு சீமை உதிர்ந்துபோய், வந்தவளே வீட்டுக்காரி ஆகிவிட்டாள். இன்றைக்கும் திவசச் சமையலில் தக்காளி சேர்க்காத வீடுகள் உண்டு. முன்னோர்கள் சாப்பிட்ட சாப்பாட்டில் அது இருந்ததில்லை.

அப்போ புளிப்புக்கு என்ன செய்தார்கள்? புளிதான். தருமபுரி மாவட்டத்தில் புளியமரத்துக்கா பஞ்சம்? சித்திரை வெயிலில் உட்கார்ந்து கோது நீக்கி, கொட்டை தட்டி, உருண்டை பிடித்துச் சட்டியில் அடைத்தால் வருடம் முழுக்க ஓடும். என் அம்மா காலத்துக் குழம்பு புளிக் குழம்புதான்.

அத்தை வைத்த ஆறு செடி

நான் மருமகளாக வந்த வீட்டில் தக்காளி விலை கொடுத்து வாங்கும் பொருளாக இல்லை. பாத்திரம் கழுவுற கல்லிலிருந்து தண்ணி ஓடுகிற வாய்க்காலை ஒட்டி என் மாமியார் ஆறு செடி வைத்திருப்பார். ஆறுக்கு மேல் வைக்க மாட்டார். "இந்தத் தண்ணிக்கு ஆறுதான் தாங்கும்" என்பார்.

அந்தப் பழத்தை இன்றைய பிள்ளைகளிடம் காட்டினால் சிரிப்பார்கள். தட்டையாக, பூசணி மாதிரி மடிப்பு மடிப்பாக, தோல் மெலிசாக இருக்கும். கூடையில் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோனால் பாதி வழியில் வெடித்துவிடும். ஆனால் புளிப்பு அப்படி இருக்கும்! ரெண்டு பழம், நாலு பச்சை மிளகாய், ஒரு கத்திரிக்காய் போட்டு வேகவைத்து மத்தால் கடைந்தால், களிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

விதை எடுப்பது அத்தைக்கு ஒரு சடங்கு. முதல் பறிப்புப் பழத்தில் எடுக்க மாட்டார். ரெண்டாவது மூணாவது பறிப்பில், நோயில்லாத செடியில், நல்லாத் திரண்ட ஒரு பழத்துக்குத் துணி கட்டி விடுவார். "இதைப் பறிச்சா கையை ஒடிப்பேன்" என்று பிள்ளைகளுக்கு எச்சரிக்கை. செடியிலேயே நன்றாகக் கனிந்த பிறகு பிதுக்கி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, வரட்டி தட்டுவதுபோலச் சுவரில் அப்பி விடுவார். அடுத்த வருடம் சுவரிலிருந்து பெயர்த்து உதிர்த்தால் விதை. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு சிட்டிகை கொடுப்பார். திரும்பக் கேட்க மாட்டார்.

எனக்கு அப்போது இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. கிழவிக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்தேன். உண்மையைத்தானே எழுத வேண்டும்!

புது விதையும் நம் குழுவும்

அந்தக் காலத்திலேயே வெளியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தேனிப் பக்கம் அன்னஞ்சி என்ற ஊரில் விளைந்த நாட்டுத் தக்காளியை எடுத்து, அதன் விதையில் மாற்றத்தைத் தூண்டி, பெரியகுளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ஒரு ரகம் உண்டாக்கினார்கள். அதுதான் பி.கே.எம்-1. பெரியகுளத்தின் பெயரைச் சுருக்கி வைத்தது. காம்புப் பக்கம் பச்சையாக இருக்கும், தூரத்துச் சந்தைக்கு அனுப்பினாலும் தாங்கும். அதற்கும் மூலம் ஒரு ஊர்த் தோட்டத்துப் பழம்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது.

பிறகு 1988-ல் மத்திய அரசு புதிய விதைக் கொள்கை கொண்டுவந்தது. தனியார் கம்பெனி விதைகள் நிறைய வந்தன. வீரிய ஒட்டு ரகம் என்பார்கள். காய் ஒரே அளவு, தோல் கெட்டி, ஒரு வாரம் வைத்தாலும் சுருங்காது. ஆனால் அதிலிருந்து எடுத்த விதையைப் போட்டால் தாய்ச்செடி மாதிரியே வராது, ஒவ்வொன்றும் ஒரு விதமாக வரும். அதனால் ஒவ்வொரு தடவையும் கடையில்தான் வாங்க வேண்டும்.

அதற்கு அடுத்த வருடம், 1989-ல்தான், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் முதன்முதலாக நம் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. அப்போது கிருஷ்ணகிரியும் நம் மாவட்டத்தோடுதான் இருந்தது. 1992-ல் நபார்டு வங்கி குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்து மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. இன்று எல்லா ஊரிலும் குழு இருக்கிறது. தொடங்கிய மாவட்டம் நம்முடையது என்று நம் பேத்திகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

எங்கள் குழு தொடங்கியபோது வாரம் 5 ரூபாய் சந்தா. அதைக் கொடுக்கவே புருஷனிடம் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஊக்குநர் அக்கா வீட்டுத் திண்ணையில் மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்து கூட்டம். எட்டாவது வரை படித்தவள் என்பதால் தீர்மானப் புத்தகம் எழுதுவது என் வேலை ஆனது.

விலை விழுந்த வருடம்

ஊரில் நாலு பேர் தக்காளி வைத்து ஒரே வெள்ளாமையில் ஓட்டு வீடு கட்டினார்கள். எனக்கும் ஆசை வந்தது. குழுவில் 8,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். அன்றைக்கு எங்கள் குழுச் சேமிப்பில் அது பெரும்பகுதி. கொடுத்தார்கள். அரை ஏக்கரில் கம்பெனி விதை வாங்கி நட்டேன். உரம், மருந்து, குச்சி நட்டுக் கட்டுவது என்று பணம் போன வழி தெரியவில்லை. புழக்கடை ஆறு செடியையும் அந்த வருடம் விட்டுவிட்டோம். "அங்கேதான் அரை ஏக்கர் காய்க்கப் போகுதே, இது எதுக்கு?" என்றேன். அத்தைக்கு உடம்பு முடியவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் அப்பியிருந்த விதை அந்த மழையில் சுவரோடு கரைந்து போயிற்று.

செடி காய்த்தது. பொய் சொல்லக் கூடாது, கொத்துக் கொத்தாகக் காய்த்தது. எனக்கு மட்டுமா? சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் காய்த்தது. முதல் ரெண்டு பறிப்புக்குச் சுமாரான விலை. மூணாவது பறிப்பில் விலை விழுந்தது. பெட்டி பெட்டியாக மண்டியில் இறக்கிவிட்டு நின்றால், கமிஷனும் இறக்குக் கூலியும் போகக் கையில் கொடுத்தது வண்டி வாடகைக்குக் காணவில்லை. பறித்த ஆட்களுக்குக் கூலி என் கம்மலை வைத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் பறிக்கவே இல்லை. பழுத்துச் சிவந்த காட்டுக்குள் மாட்டை அவிழ்த்து விட்டோம். தக்காளி மூணு நாளில் கெடும், களத்தில் குவித்து வைத்துப் பொறுத்திருந்து விற்க அது கேழ்வரகு இல்லை. அந்தப் பாடத்தை 8,000 ரூபாய் கொடுத்துப் படித்தேன்.

அடுத்த கூட்டத்துக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. போகாமல் இருக்கவும் முடியாது, புத்தகம் என்னிடம் இருந்தது. தவணை கட்ட முடியவில்லை என்று சொன்னேன். யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள்: "அக்கா, உன் கஷ்டம் தெரியுது. ஆனா இந்த மாசம் எனக்குக் கொடுக்கறதா பேசின பணம் அதுதான். எம் பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும். நான் யாரைப் போய்க் கேப்பேன்?"

அவள் கேட்டது நியாயம். அதுதான் எனக்கு நெருப்பாகச் சுட்டது. விலை விழுந்ததுக்கு மண்டியைத் திட்டலாம், மழையைத் திட்டலாம். ஆனால் அவள் பிள்ளையின் ஃபீஸ் என் காட்டில் மாட்டுக்கு இரையாகிப் போனதே! அன்று ராத்திரி வெகு நேரம் பேசினோம். கடைசியில் எனக்குப் பத்து மாதம் கூடுதல் தவணை, வட்டி தள்ளுபடி கிடையாது, அவளுக்கு அடுத்த மாதச் சேமிப்பில் முதல் கடன் என்று முடிவானது. அந்தத் தீர்மானத்தை என் கையாலேயே எழுதினேன். இந்தக் கட்டுரைக்காகப் பழைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் எழுத்து கோணல் மாணலாக இருக்கிறது. கீழே எல்லாருடைய கையெழுத்தும் ரெண்டு கைநாட்டும் இருக்கின்றன. அவள் அந்த மாதம் தன் தோட்டை அடகு வைத்து ஃபீஸ் கட்டினாள் என்பது புத்தகத்தில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கூலிக்குப் போனேன், ரெண்டு ஆட்டை விற்றேன். பத்து மாதத்தில் அசலும் வட்டியும் கட்டி முடித்தேன்.

விதை திரும்பி வந்தது

அத்தை அந்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசி நாட்களில் புளிப்பாக ஏதாவது வேண்டும் என்று கேட்டார். கடையில் வாங்கின தக்காளியில் கடைசல் செய்து கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "இது நம்முளது இல்லையே" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. விதையை நான்தானே விட்டேன்.

அப்புறம் ரெண்டு வருடம் இருக்கும். ஒரு கூட்டத்துக்குத் தோடு வைத்த அதே தங்கச்சி முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு வந்தாள். என் மடியில் அவிழ்த்தாள். மடிப்பு மடிப்பாக, தட்டையாக நாலு தக்காளி! "உங்க அத்தை எப்பவோ எனக்கு ஒரு சிட்டிகை கொடுத்தாங்க அக்கா. நான் பென்னாகரத்துல எங்கம்மா வீட்டுல போட்டேன். இன்னும் அங்க காய்க்குது" என்றாள். அன்றைக்குக் கூட்டத்தில் நான் அழுததைப் பார்த்து எல்லாரும் பயந்துவிட்டார்கள்.

அந்த நாலு பழத்தின் விதைதான் இன்று எங்கள் குழுவில் எல்லார் வீட்டுப் புழக்கடையிலும் இருக்கிறது. கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கேட்கிற சகோதரிகளுக்கெல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறேன். அத்தை மாதிரி, திரும்பக் கேட்பதில்லை.

நாங்கள் வளர்க்கிற முறை

வைக்க நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு உடைந்த சட்டியில் மண்ணும் மக்கிய எருவும் கலந்து விதை தூவுங்கள். 25 நாளில் நாற்றுப் பிடுங்கலாம். சாயங்காலத்தில் நடுங்கள், செடிக்குச் செடி முக்கால் கை நீளமாவது விடுங்கள். நெருக்கி வைத்தால் காற்று போகாமல் நோய் வரும். சோப்புத் தண்ணி அதிகம் போகிற இடம் வேண்டாம், அரிசி கழுவின தண்ணி நல்லது. ஒரு நாள் குளமாக ஊற்றி மூணு நாள் காயப் போட்டால் காயின் அடி கறுத்து அழுகும். கொஞ்சமானாலும் ஒரே சீராக ஊற்றுங்கள். கடும் வெயிலில் பூ கொட்டும், அதற்குச் செடியைத் திட்ட வேண்டாம்.

இலை சுருண்டு செடி குட்டையாக நின்றுவிட்டால் அது வெள்ளை ஈ பரப்புகிற நோய். அந்தச் செடியைப் பாவம் பார்க்காமல் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மற்றதுக்கும் பரவும். ஓரத்தில் ரெண்டு செண்டுமல்லி வைத்தால் காய்ப்புழுத் தாய்ப்பூச்சி அந்தப் பூவுக்குப் போகும். பூச்சி கண்டால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணியில் ராத்திரி ஊறவைத்து, காலையில் வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் கலந்து தெளியுங்கள்.

வீட்டுக்கு என்றால் செடியிலேயே சிவக்கவிட்டுப் பறியுங்கள், ருசியே வேறு. அணிலும் கிளியும் தொல்லை என்றால், அடியில் லேசாக நிறம் திரும்பியதும் காம்போடு பறித்து வைக்கோலில் வையுங்கள், வீட்டிலேயே பழுக்கும். விதைக்கு எடுத்த பழத்தைப் பிதுக்கி, சாறோடு ஒரு நாள் ரெண்டு நாள் புளிக்கவிட்டுக் கழுவினால் வழவழப்புப் போய்விடும். நிழலில் காயவையுங்கள். அத்தையின் சாம்பல் முறையும் செய்யலாம், ஆனால் மழை படாத சுவராகப் பாருங்கள். இதை எழுதும்போதே எனக்கு மனசு கனக்கிறது.

கடைசியாக

தக்காளியைக் காட்டில் வைக்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இன்றும் நான் கால் ஏக்கர் வைக்கிறேன், அதுவும் நிலத்தில் பாதியைக் கேழ்வரகுக்கு விட்ட பிறகு. கடன் கேட்கிற தங்கச்சிகளிடம், விலை விழுந்தால் எதை வைத்துத் தவணை கட்டுவாய் என்று கேட்காமல் எங்கள் குழு தக்காளிக்குக் கடன் கொடுப்பதில்லை. அதுவும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

2023 ஜூலையில் விலை கிலோ 100 ரூபாய்க்கு மேல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அரசாங்கமே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றது. அந்த மாதம் எங்கள் குழுவில் பல வீட்டில் கடைத் தக்காளி வாங்கவில்லை. நிறையக் காய்த்தது என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு ரெண்டு, மூணு பழம். காய்க்காத வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போனது. அதற்கு வட்டியும் இல்லை, தவணையும் இல்லை.

மலர் வெளியீட்டு விழாவுக்கு வரும்போது விதைப் பொட்டலம் கொண்டுவருகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்னைத் தேடி வாருங்கள். ஆறு செடிக்கு மேல் கேட்காதீர்கள்!

இப்படிக்கு,
உங்கள் சகோதரி,
பாலக்கோடு வட்டாரத்துக் குழு உறுப்பினர்